பத்துக்குப் பத்து

என் கணவருக்குப் பத்துக்குப் பத்துப் பொருந்திய பெண் நான் இல்லை. குடும்ப ஜோசியர் இதைப் பல வருடங்களுக்கு முன்பே என் மாமியாரிடம் சொல்லிவிட்டார். ரத்தப் புற்றுநோய் மருத்துவர் போன ஆவணி மாதம் என்னிடம் சொன்னார்.

மிதுனுக்கு முதலில் கொடுத்த மருந்துகளில் நோய் அடங்கியது போலிருந்து, மறுபடி தலைதூக்கியிருந்தது. டாக்டர் நஸ்ரின் எங்கள் மூவரையும், அதாவது மிதுனையும் என்னையும் மாமியாரையும், கோயம்புத்தூரில் தன் அறையில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"இனி மூணு வழி இருக்கு. ஒண்ணு, மாத்திரை. நோயைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடும், குணமாக்காது. ரெண்டாவது, மிதுனோட சொந்த வெள்ளணுக்களையே எடுத்து, புற்றை அடையாளம் கண்டுபிடிக்கப் பாடம் சொல்லிக் கொடுத்துத் திரும்ப உள்ளே அனுப்பறது. பலிச்சா முழு குணம். ஆனா இந்த வகை நோய்ல பாதிப் பேருக்குத்தான் பலிக்குது. மூணாவது, இணைக்குருதி."

"அது என்னதுங்க?" என்றார் மாமியார்.

"இந்தப் புற்று அடிக்கடி வேஷம் மாத்துதும்மா. மிதுன் உடம்பு பார்த்துப் பார்த்துப் பழகிப் போச்சு, கண்டுக்கறதில்லை. வேறொருத்தர் மஜ்ஜையை ஒரு தடவை வெச்சாலும் கொஞ்ச நாள்ல அதுவும் பழகிடும். அதனால பொருத்தமான ஒருத்தரைப் பக்கத்துக் கட்டில்ல படுக்க வெச்சு, மாசாமாசம் ரெண்டு பேரையும் ஒரு மிஷின் வழியா இணைக்கறோம். புற்றோட வேஷத்தை மட்டும், உயிரில்லாம, அவங்க உடம்புக்குக் காட்டுவோம். அந்த உடம்பு பழகின உடம்பு இல்லை. உடனே கோபப்படும். சண்டைக்கு அணுக்களை உண்டாக்கும். அடுத்த மாசம் அந்த அணுக்கள், ரத்தம் ஊறற மூல அணுக்களோட சேர்ந்து, மிதுனுக்கு வரும், புது வேஷம் அந்தப் பக்கம் போகும்."

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்றார் மிதுன். எப்போதும் அடுத்தவர் கவலைதான் அவருக்கு முதலில்.

"ரெண்டு நாள் காய்ச்சல் வரும். அவ்வளவுதான். பத்துல ஒன்பது பேர் நல்லா இருக்காங்க. ஆனா உடம்போட அடையாளங்கள் பத்தும் பொருந்தணும்."

எனக்குப் பத்துக்கு இரண்டு பொருந்தியது. நான் தூத்துக்குடிக்காரி, கடலோரத்து வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம். அவர் பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். காதலித்தபோது இந்தத் தூரம் பெருமையாக இருந்தது. மிதுன் ஒற்றைப் பிள்ளை, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. பெற்றவருக்கே பாதிதான் பொருந்தியது. உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் சோதித்ததில், பத்தும் பொருந்தியது ஒரே ஒருத்திக்கு. என் மாமியாரின் அண்ணன் மகள் சம்யுக்தா. மிதுனுக்கு முறைப்பெண். அவர் என்னைக் கட்டுவதற்காக வேண்டாம் என்று சொன்ன பெண்.

"உங்க குடும்பத்துல மூணு தலைமுறையா அக்கா மகள், மாமன் மகள்னே கட்டியிருக்கீங்க. அதனால அடையாளங்கள் வெளியே போகாம உள்ளேயே சுத்திட்டிருக்கு" என்றார் டாக்டர்.

மாமியாருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "அன்னிக்கே நம்ம ஜோசியரு சொன்னாருங்க டாக்டரம்மா. ரெண்டு ஜாதகத்துக்கும் பத்துக்குப் பத்துன்னு. ஆரு கேட்டா?"

மிதுன் தரையைப் பார்த்தார். நான் மிதுனைப் பார்த்தேன். டாக்டர் மட்டும் விவரம் தெரியாமல் சிரித்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை. சிகிச்சை நடக்கறவரைக்கும் அந்தப் பொண்ணு கர்ப்பமாகக் கூடாது. வயித்துல பாதி அந்நியமான ஒரு உயிரை விரட்டாம வெச்சுக்கணும்னா உடம்பு சாந்தமாயிடணும் இல்லையா? சாந்தமான ரத்தம் நமக்கு உதவாது."

எனக்கு அப்போதே இரண்டாவது வழிதான் பிடித்திருந்தது. அவர் அணு, அவர் உடம்பு, நடுவில் யாரும் இல்லை. ஆனால் பத்தில் ஒன்பதை விட்டுவிட்டுப் பாதிக்குப் பாதியைப் பிடித்துக்கொள்ள எந்த முகத்தோடு கேட்பது? கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிற மிதுனிடம் வேறு கேட்க வேண்டும்.

சம்யுக்தாவிடம் பேச மாமியார் போய் வந்தார். பேச்சை முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டாளாம். இதை மாமியார் எங்கள் வீட்டில் நாலு முறை சொன்னார்.

சிகிச்சை நடந்த பிரிவுக்குப் பெயர்ப் பலகையில் ஏதோ நீளமான பெயர் எழுதியிருந்தது. ஆனால் வார்டு பாய் முதல் கேண்டீன்காரர் வரை எல்லோரும் அதை ஜோடி வார்டு என்றே சொன்னார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பிறகு ஒவ்வொரு தடவையும் எரிந்தது.

ஓர் அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு மிஷின். கிருமி பயத்தால் வேறு யாருக்கும் உள்ளே அனுமதி கிடையாது. மதியம் முழுக்க அவர்கள் உள்ளே படுத்திருப்பார்கள். வெளியே இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம், நானும் சம்யுக்தாவின் கணவன் கிருபாகரனும். கிருபாகரன் பொள்ளாச்சியில் தென்னைநார் மில் வைத்திருக்கிறான். நல்ல மனிதன். கதவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏனுங்க்கா, உள்ள என்ன பேசுவாங்க?" என்றான் ஒருநாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமாகி நாலு வருசமாச்சுங்க. நானும் அவளும் சேர்ந்தாப்பல ஒரு மதியம் பூராப் பேசினதே இல்லீங்க."

அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை வேண்டுமென்று இருக்கிறோம், இப்போது அதையும் தள்ளிப் போட்டாயிற்று என்று மெதுவாகச் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. அவன் குறையாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிகிச்சை பலித்தது. அதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் மிதுன் படியேறினார். பிறகு வகுப்புக்குப் போனார். முடி வளர்ந்தது, குரல் திரும்பி வந்தது. ஒருநாள் மருத்துவமனையில் புது ரத்த வகை அட்டை கொடுத்தார்கள். கல்யாணத்தின்போது ஓ பாசிட்டிவ்வாக இருந்தவர் பி பாசிட்டிவ் ஆகியிருந்தார். சம்யுக்தா பி பாசிட்டிவ்.

"இப்ப என்ற ரத்தத்தை மட்டும் எடுத்துப் பாத்தா பொம்பளைன்னு வருமாம் ஜெசி" என்று சிரித்தார் மிதுன்.

"எந்தப் பொம்பளைன்னும் வருமா?" என்றேன்.

சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கே கசிகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. வீட்டிலும் அதே கண்ணோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் சம்யுக்தாவுக்குக் காய்ச்சல் வரும். அந்த இரண்டு நாளும் மிதுன் நிலைகொள்ளாமல் நடப்பார். போன் பண்ணி, "காய்ச்சல் விட்டுச்சா அம்மிணி?" என்பார். என் மாமியார் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் டெங்குவில் கிடந்தபோது இதே மிதுன் பத்து நாள் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "உள்ளே அப்படி என்னதான் பேசுதிய?"

"எதுவும் பேசறதில்ல. அவ தூங்கிருவா. நான் பேப்பர் திருத்துவேன்."

நான் நம்பினேன். நம்பிய பிறகும் எரிச்சல் போகவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பேச்சை நானும் பேசிக்கொள்வேன். அவள் தூங்கிக்கொண்டே அவருக்கு உயிர் கொடுத்தாள். நான் விழித்திருந்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். என் உடம்பில் அவருக்கு உதவுகிற மாதிரி ஒரு சொட்டுகூட இல்லை. என் பொறாமை அங்கேதான் இருந்தது. அவள் அவரை எடுத்துக்கொள்வாள் என்று நான் பயப்படவில்லை. அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த இணைப்புக்கு நாலு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்யுக்தா தனியாக வீட்டுக்கு வந்தாள். மிதுன் முடி வெட்டப் போயிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். அது தெரிந்துதான் வந்திருந்தாள். அடுப்படியில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, நாள் தள்ளிப் போச்சு. வீட்டுலயே டெஸ்ட் பண்ணிப் பாத்தனுங்க. ஆமாங்குது."

நான் குழாயை மூடினேன்.

"சாக்கிரதையாத்தான் இருந்தோமுங்க. எப்படின்னு தெரியல. வியாழக்கிழமை ரத்தம் எடுத்தா ஆஸ்பத்திரில தெரிஞ்சுரும். அதுக்குள்ள மாத்திரை போட்டுக் கலைச்சரலாம்னு இருக்கறனுங்க. வர முடியலைன்னு இந்த மாசத்துக்கு ஏதாச்சும் சாக்குச் சொல்லீட்டு, அடுத்த மாசத்துல இருந்து எப்பவும் போல வந்துருவேன். கிருபாவுக்குத் தெரிய வேண்டாம். ஒரு நாள் நீங்க மட்டும் என்ற கூட இருந்தாப் போதும்."

"உனக்குப் பிள்ளை வேண்டாமா?"

அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனை மாதம் ஏமாந்தார்கள், எந்தெந்த டாக்டரைப் பார்த்தார்கள், பழனிக்கு என்ன நேர்ந்துகொண்டாள், எல்லாம் அந்த அழுகைக்கு நடுவே வந்தது. வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் வந்திருக்கிறது.

"பின்ன ஏன் கலைக்கணும்?"

"நான் வரலைன்னா மாமாவுக்குப் பாதிக்குப் பாதிதானேங்க்கா. மாமா உசுரு என்ற கையிலதான் இருக்குதுன்னு அத்தை தினம் போன் பண்ணிச் சொல்றாங்க. அதைக் கேட்டுட்டு நான் எப்படிங்க பிள்ளை பெத்துக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்றதுதானுங்க. உங்க புருசன். நீங்க சரின்னா நாளைக்கே முடிச்சரலாம்."

முதலில் எனக்குத் தோன்றியது மிதுன்தான். அவர் படியேறி வருவது, சாக்பீஸ் சட்டையோடு வீட்டுக்குள் நுழைவது. ஒரு தலையசைப்புப் போதும், அதெல்லாம் அப்படியே இருக்கும். பத்தில் ஒன்பது. என் வாயில் 'சரி' வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பிறகுதான் மீதியும் தோன்றியது. இவள் இதையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மிதுன் இருக்கிற நாள் வரைக்கும், தினம் காலையில் அவர் கண் விழிக்கிறபோதெல்லாம், இவள் அவருக்காகப் பெறாமல் விட்ட பிள்ளை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கும். யார் விதைத்த பிள்ளையாக இருந்தால் என்ன, அது அவளுக்கும் அவருக்கும் நடுவே உள்ள பிள்ளை. அதற்குச் சாட்சி நான் ஒருத்தி மட்டும். ரத்தம் கொடுத்தாள், பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க என்னால் ஆகாது.

"எந்திரி" என்றேன். "வீட்டுக்குப் போ. கிருபாகிட்ட சொல்லு. ரெண்டு பேரும் போயி நல்ல டாக்டரைப் பாருங்க."

"அக்கா, மாமா..."

"உன் மாமா என் புருஷன். அவரை நான் பாத்துக்கிடுதேன். நீ உன் பிள்ளையைப் பாரு. இனிமே அந்த வார்டு பக்கம் உன்னை நான் பாக்கக் கூடாது."

அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். என் கையெல்லாம் மீன் வாடை. அவளுக்குக் குமட்டியது, ஆனாலும் விடவில்லை. என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

மிதுனை நான் கேட்கவே இல்லை. அவர் உயிர், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். முடி வெட்டிக் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம், "சம்யுக்தா உண்டாயிருக்கா" என்று மட்டும் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது. "நல்லதுதான்" என்றார். பிறகு சாப்பிட்டார்.

டாக்டர் நஸ்ரின் இரண்டாவது வழிக்கு நாள் குறித்தார். மிதுனின் சொந்த அணுக்களை ஆரம்பத்திலேயே எடுத்து உறைய வைத்திருந்தார்கள். "இப்போ அவர் உடம்புல இருக்கறது சம்யுக்தாவோட ரத்தம். அதை மருந்து கொடுத்து முழுசா வெளியேத்திட்டு, பாடம் படிச்ச அவரோட சொந்த அணுக்களை வைக்கணும்" என்றார். முழுசா வெளியேத்திட்டு என்ற இடத்தில் எனக்குள் என்னவோ சந்தோஷப்பட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பயம் வந்தது. பாதிக்குப் பாதி. நான் காசைச் சுண்டிவிட்டிருந்தேன், அது என் காசு இல்லை.

சம்யுக்தா நடந்ததையெல்லாம் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கிருபாகரன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பேச முடியாமல் கைகூப்பினான். மிதுனின் சொந்தபந்தம் பூராவும், கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட, போன் பண்ணிப் பேசினார்கள். வேற சாதி, வேற மதம்னு சொன்னோமே, எவ்வளவு பெரிய மனசு பாருங்க என்றார்கள். மிதுனிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மாமியார் மட்டும் நேராகக் கேட்டார்.

"அவளுக்கு அடுத்த வருசம் இன்னொண்ணு பொறக்கும். எனக்கு மிதுன் இன்னொருக்காப் பொறப்பானா? நீ ஆரு, என்ற பையன் உசுரைத் தூக்கித் தானம் குடுக்கறதுக்கு?"

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டோம், பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது சிகிச்சையில் ஒரு கண்ணாடி அறை. பழைய ரத்தம் போய்ப் புதியது பிடிக்கிறவரைக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர யாரும் அவரைத் தொடக்கூடாது. நான் வெளியே நின்று சுவரில் இருக்கிற மைக்கில் பேச வேண்டும், அவர் உள்ளே படுத்தபடி பதில் சொல்வார். முடி மறுபடி கொட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அணுக்கள் உள்ளே போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வேலை செய்கின்றனவா இல்லையா என்று மறுநாள் காலைச் சோதனையில்தான் தெரியும் என்றார்கள்.

"அம்மா வந்துட்டுப் போனாங்க" என்றார் மிதுன். "எல்லாம் சொன்னாங்க. சம்யு உன்கிட்ட வந்து கேட்டதையும் சேர்த்து."

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னைக் கேட்டிருந்தாலும் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதில்ல விசயம். நீ எதுக்குச் சொன்னே, அது தெரியோணும் எனக்கு. அந்தப் பிள்ளைக்காகவா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரே எனக்காக அந்தப் பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தது. ஆனால் மறுநாள் என்ன ஆகும் என்று தெரியாத மனிதனிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"பிள்ளைக்காக இல்ல" என்றேன். "பொறாமை. அவ உனக்கு இவ்வளவும் குடுக்கதை என்னால தாங்க முடியல. உன்னைச் சாகக் குடுத்தாலும் குடுப்பேன், அவளுக்குக் கடனாளியா உன்னை விட மாட்டேன்னு ஒரு வெறி. இப்போ சொல்லு, திட்டு."

மிதுன் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறது போலிருக்கிறது என்று மணியை அடிக்கப் போனேன். பார்த்தால் சிரிக்கிறார். வெடித்த உதடு இழுத்து வலிக்க வலிக்கச் சிரிக்கிறார்.

"அப்பாடா" என்றார்.

"என்ன அப்பாடா?"

"எல்லாரும் எங்கிட்ட நல்லவங்களாயிட்டாங்க ஜெசி. கவனிச்சியா? பங்காளி வந்து வரப்புத் தகராறுல நீ சொன்னதுதான் சரிங்கறான். பிரின்சிபால் பழம் வாங்கிட்டு வர்றாரு. அம்மாகூட வந்து நின்னா அதட்டறதில்ல. சாகப்போறவன்கிட்டத்தான் இப்படி இருப்பாங்க. நீயும் பெரிய மனசு பண்ணிட்டேன்னு கேட்டப்பத்தான் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சரி, இவளும் முடிவு பண்ணிட்டாளாட்ட இருக்குதுன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "போற ஆளு மேல ஆரும் பொறாமைப்பட மாட்டாங்க ஜெசி."

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு நர்ஸ் உச்சந்தலை முதல் பாதம் வரை மூடிக்கொண்டு வந்து, பாட்டிலை மாற்றி, போர்வையைச் சரி பண்ணி, அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

"யாரு அவ?" என்றேன்.

"நர்ஸ்."

"அது தெரியுது. தோளைத் தட்டுதா. இதுக்கு முன்னாடி இவளைப் பாத்ததில்லையே."

"முகமே தெரியலியே ஜெசி. கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியுது."

"தெரியுதுல்ல" என்றேன். "நாளைக்கு நீ கண்ணை மூடிட்டுப் படு."